எழுத்தில தாங்கோ

கட்டண அலுவலகத்தின் மூன்றாவது இழுப்பறையில்
இஸ்ராவின் பாஸ்போர்ட் இருபத்தாறு நாளாகக் கிடக்கிறது.
இறுக்கிய ரப்பர் பேண்ட், மேலே மஞ்சள் சீட்டு:
பாக்கி 7,350.

நான் பார்த்தது தற்செயல்.
மிஸ் ரொவேனா ஸ்டேப்ளர் பின் தேடித் திறந்தார்,
சட்டென்று மூடினார்.
அதற்குள் எண்ணிவிட்டேன், கணக்கியல் படிப்பவள் நான்.
பதினொன்று.
நீலம் மூன்று, பச்சை ஐந்து,
மீதி முற்றிய பேரீச்சை நிறம்.

இந்த ஷார்ஜாவில்தான் பிறந்தேன்,
ரோலாவுக்கு நாலு தெரு தள்ளி.
படிவத்தில் சொந்த ஊர் என்ற கட்டம் வந்தால்
கீழக்கரை என்று எழுதுவேன்.
இரண்டு முறை போயிருக்கிறேன்,
இரண்டு முறையும் வயிற்றுப்போக்கு.
வாப்பாவின் விசா ஒரு பட்டம்,
நான் அதன் வால்.
நூல் யார் கையில் என்பதை வீட்டில் பேசுவதில்லை.
'வந்த எடத்துல வாயத் தொறக்காதே' என்பார் வாப்பா.
வந்த இடமா?
நான் எங்கிருந்து வந்தேன் வாப்பா?

கேன்டீனில், ஏசி ஒழுகும் மூலை மேசையில்
நிரோஷனிடம் சொன்னோம்.
பகலில் வகுப்பு, இரவில் டைப்பிங் சென்டர் அவனுக்கு.
அடுத்தவர் விண்ணப்பங்களை அடித்து அடித்தே
விதிகள் விரல் நுனியில்.
கரக் டீயை ஊதிவிட்டுக் கேட்டான்:
'பாஸ்போர்ட் என்ன, அடகு வைக்கிற சங்கிலியே?
கடன் வேறை, உது வேறை.
போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.
ஒரு வசனம் காணும்:
ஏன் வச்சிருக்கிறியள் எண்டு
எழுத்தில தாங்கோ.'

இஸ்ரா தன் மொழியில் ஒரு சொல் சொன்னாள்: ஹக்.
நிமிர்ந்தேன்.
எங்கள் வீட்டிலும் உண்டு அந்தச் சொல்.
ஜகாத் பணத்தைத் தனி உறையில் போட்டு
'இதுல கை வைக்காதே, அடுத்தவங்க ஹக்கு' என்பார் உம்மா.
பத்தொன்பது வருடம் அடுத்தவருக்கு மட்டுமே
பயன்பட்ட சொல்.

மறுநாள் மூவரும் போனோம்.
இஸ்ரா பேசினாள், மெல்ல,
நேர்முகத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள் போல.
மிஸ் ரொவேனா உள்ளே போனார்.
கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் தொலைபேசியில் கையசைத்தார்,
பிறகு எங்களைப் பார்த்தார்,
பிறகு திரையை இறக்கினார்.
என் துப்பட்டா நுனி வாயில் இருந்ததை
நிரோஷன் சொல்லித்தான் அறிந்தேன்.
இருபது நிமிடம்.

எழுத்து வரவில்லை.
பாஸ்போர்ட் வந்தது.
ரப்பர் பேண்ட் பதிந்த தடம் அட்டையில் இன்னும் இருந்தது.

பாக்கி அப்படியே இருக்கிறது, 7,350.
உம்துர்மானில் இருக்கும் அவள் தந்தைக்கு
பணம் அனுப்ப வங்கியில்லை.
தவணை கேட்டு நிரோஷன் விண்ணப்பம் அடித்தான்,
பதினைந்து திர்ஹத்தை வாங்க மறுத்து
சமூசா இரண்டை வாங்கிக்கொண்டான்.
அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

மாலை ஐந்தே முக்கால் பேருந்து.
ஈரக்காற்றில் மூக்குக் கண்ணாடி வெளுத்து நிற்கிறேன்.
பக்கத்தில் யாரோ. துடைத்துப் பார்த்தால் மிஸ் ரொவேனா.
பையை மார்போடு அணைத்தபடி கேட்கிறார்:
'அந்த வாக்கியம்
மாணவர்களுக்கு மட்டுமா?
என்னுடையது மேல்மாடியில் இருக்கிறது,
நாலு வருடமாக.'

இழுப்பறையில் இன்னும் பத்து.
பெயர்கள் தெரியாது, நிறம்தான் தெரியும்.
நீலம் மூன்று, பச்சை நாலு, பேரீச்சை மூன்று.
அச்சு இயந்திரத்தின் மேல் ஒட்ட
ஒரு வரியை ஆறு மொழியில் எழுதுகிறோம்.
தமிழில் 'தாங்கோ'வா 'கொடுங்கள்'ளா என்று
நிரோஷனுக்கும் எனக்கும் சண்டை.
தாள் தீர்ந்துபோகும் வரை சண்டை.